கரண்ட் போகட்டும் என்று ஜெபித்தேன்

சகோதரிகளே, முதலில் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரகடம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் பதினோரு வருடமாக புரோகிராமிங் பாடம் எடுக்கிறேன். சில மாதம் முன்புவரை எனக்குச் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுத வராது.

பழைய நோட்டைப் பார்த்து போர்டில் எழுதுவேன். பிள்ளைகள் அதை ரெக்கார்டு நோட்டில் காப்பி அடிப்பார்கள். நான் கையெழுத்துப் போடுவேன். பரீட்சைக்கு அதையே மனப்பாடம் செய்து தேறிவிடுவார்கள். யாரும் யாரையும் கேள்வி கேட்டதில்லை.

போன ஜூலையில் புதிய துறைத்தலைவர் வந்தார். "திங்கக்கிழமையிலருந்து நோட்டு வேணாம் மேடம். பசங்க கேக்குற கணக்க அவங்க முன்னாடியே டைப் பண்ணி ஓட்டிக் காட்டுங்க. நான் பின்னாடி உக்காந்து பாப்பேன்" என்றார். முடியாதவர்களுக்கு அடுத்த செமஸ்டர் வேலை இல்லை. என் கணவருக்கு ஏற்கெனவே ஃபேக்டரி வேலை போயிருந்தது.

எனக்கு பயம்கூட வரவில்லை. உடம்பு மரத்துப் போயிருந்தது. திங்கட்கிழமை சமைத்தேன், பஸ் ஏறினேன். குன்றத்தூரிலிருந்து கல்லூரி வரை ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, கரண்ட் போகட்டும்." எனக்காக வழியிலிருக்கும் இத்தனை கம்பெனிகளையும் இருட்டாக்கச் சொல்லியிருக்கிறேன், பாருங்கள்.

கரண்ட் போகவில்லை. பிள்ளைகள் பஸ் டிக்கெட் கணக்கு ஒன்றைக் கேட்டார்கள். டைப் செய்து ஓட்டினேன். தப்பு என்று திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. மூடப் போனேன், விரல் அசையவில்லை. "இயேசுவே, என் வாயையாவது திறந்துவிடும்" என்று மனதுக்குள் கேட்டேன். வாய் திறந்தது.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

வடக்குப்பட்டிலிருந்து வரும் ரேவதி எழுந்தாள். "மூடாதீங்க மிஸ். எந்த லைன்ல தப்புனு அதுலயே போட்டுகீது. படிங்க."

படித்தேன். பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. இன்னும் நாலு பேர் முன்னால் வந்தார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள், திரும்பத் திரும்பத் தப்பு வந்தது. மணி அடித்தும் யாரும் போகவில்லை. கடைசியில் புரோகிராம் ஓடியது. "நாளைக்கும் இப்படியே பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த துறைத்தலைவர் எழுந்து போனார்.

வேலை நிலைத்தது. சந்தோஷம் உடனே வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். இப்போது காலையில் ஜெபித்துவிட்டு ஒரு புரோகிராமாவது நானே எழுதிப் பார்க்கிறேன். போன வாரம் ஒரு பெண்ணின் ரெக்கார்டில் விடை தப்பாக இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணே யோசித்து எழுதியது. கையெழுத்துப் போடும்போது என் கண் நிறைந்துவிட்டது. ஸ்தோத்திரம்.

என்னைப்போல் நீங்களும் எதையாவது ஒளித்து வைத்திருந்தால், கர்த்தரிடம் கொண்டுபோங்கள். அதை மறைத்துத் தரும்படி மட்டும் கேட்காதீர்கள். நான் அப்படித்தான் கேட்டேன். என்மேல் இரக்கம் வைத்து, அந்த ஜெபத்தை அவர் கேட்காமல் விட்டார்.