புகார் சொல்லாதவர்கள்

ஆட்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று ஆராய்ந்து ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி மேலாளர் கேட்டிருந்தார். அலுவலகத்தில் ‘ஊமைப்பூனை’ என்று பெயரெடுத்த அவள், போனவர்களைத் தொலைபேசியில் பிடித்துப் பேசி, எழுதி, இன்று கூட்டத்தில் வாசித்தாள். சம்பளத்துக்காகச் சண்டை போட்டவர்கள் எல்லோரும் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். திடீரென்று குறை சொல்வதை நிறுத்தியவர்கள்தான் சில மாதங்களில் போயிருக்கிறார்கள்.

“அப்படிப் பார்த்தா நம்ம பூனைதான் அடுத்தது! குறைன்னு இவ வாயைத் திறந்து எத்தனை நாளாச்சு!” என்றார் கணக்காளர். அறையே சிரித்தது.

மேலாளர் சிரிக்கவில்லை. “ஏம்மா, உனக்கு ஏதாச்சும் குறை இருக்கா? தயங்காம சொல்லு.”

அவள் உண்மையாகவே தேடிப் பார்த்தாள். கை நழுவிய பதவி உயர்வு, கதவோரத்து இருக்கை, ஏசியின் குளிர் எல்லாம் நினைவுக்கு வந்தன. போன வருடம் இவற்றுக்காகக் கண்ணைக் கசக்கியவள்தான். இப்போது ஒன்றும் உறைக்கவில்லை; வேறு யாரோ ஒருத்தியின் குறைகளைப் போல இருந்தன.

“ஒண்ணுமில்ல சார்,” என்றாள்.

“அப்பாடா! நீ போயிட்டா இப்படி எழுத எனக்கு ஆள் ஏது?” என்று மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். கணக்காளர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.