பரங்கிப்பேட்டையில் இறக்கிவிட்ட கூடை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு பெண்ணின் மீன் கூடையைத் தூக்கி ரயிலுக்கு வெளியே வைத்தேன். எங்கே போகிற வழியில் தெரியுமா? சர்ச்சுக்கு!

எனக்கு வேலை சிதம்பரத்தில், சபை கடலூரில். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற நாள். மற்ற மதத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் சபையில் நினைத்த மாத்திரத்தில் எழுந்துபோய் அதை வாங்கிவிட முடியாது. முதல் நாள் சாயங்காலமே போதகரிடம் பெயர் கொடுக்க வேண்டும். நோட்டில் எழுதுமுன் அவர் ஒரு கேள்வி கேட்பார்: "யாரோடயாவது மனஸ்தாபம் உண்டா?" உண்டு என்றால் முதலில் போய்ச் சமாதானம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். இருபது வருஷமாக நான் "இல்லீங்க ஐயா" என்றே சொல்லி வருகிறேன்.

அன்று மத்தியான வண்டியில் நானும் என் மனைவி எஸ்தரும் ஏறினோம். காலடியில் ஒரு துணிப்பை. உள்ளே வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்த வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலை. திருவிருந்துக்கு வெள்ளை உடுத்துவது எங்கள் வழக்கம்.

கிள்ளையில் ஒரு மீன்காரப் பெண் ஏறினாள். நாற்பது வயதிருக்கும். முழங்கை வரை பச்சை குத்தியிருந்தாள். கூடையை என் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எங்கள் பையின் ஓரத்தில் ஈரம்... இறால் தண்ணீர்!

கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. வாசகர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. "மனுஷன் உட்கார்ற எடமா இது, மீன் மார்க்கெட்டா?" என்று கத்தினேன். பரங்கிப்பேட்டையில் வண்டி நின்றதும் கூடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிளாட்பாரத்தில் வைத்துவிட்டேன். "வேற பெட்டியில ஏறிக்கோ, போ!"

அவள் பதறிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். "யோவ், சந்தைக்கிப் போவணும்யா! எறாலு தாங்காதுய்யா!" கூடையைத் தூக்கிவிட ஆள் தேடினாள். யாரும் வரவில்லை. கார்டு விசில் ஊதிவிட்டார். வண்டி நகர்ந்தது. அவள் கூடையோடு அங்கேயே நின்றாள்.

"பையக் கீழ வச்சது நாமதானேங்க?" என்றாள் எஸ்தர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் போதகர் நோட்டைத் திறந்தார். வழக்கமான கேள்வி. வழக்கமான பதில். அவர் பேனா மூடியைக் கழற்றும்போது என் சகதர்மிணி வாயைத் திறந்தாள்.

"பரங்கிப்பேட்டையில ஒரு மீன்காரம்மா நிக்கிறாங்க, ஐயா."

என்ன ஏது என்று விசாரித்தார். சொன்னேன். சொல்லிவிட்டு, ரொம்ப சாமர்த்தியமாக ஒரு வார்த்தையும் சேர்த்தேன். "அவுங்க நம்ம சபை இல்லீங்களே, ஐயா..."

"மனஸ்தாபம் உண்டான்னுதான் கேட்டேன். எந்த சபைன்னு கேக்கலியே?" என்றார் அவர். குரலில் கோபம் கிடையாது. "எழுதட்டுமா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

எனக்கு வந்ததே ரோஷம்! "வேணாம்" என்று எழுந்துவிட்டேன்.

ரோஷம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரைக்கும்தான் தாங்கியது. பாட்டு ஆரம்பித்ததும் வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து முன்னே போனார்கள். எஸ்தரும் போனாள். நான் மட்டும் பெஞ்சில். திரும்பி வந்த ஒவ்வொருவரும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவமானம் பிடுங்கித் தின்றது. வாசலில் எஸ்தரின் தம்பி காதோடு கேட்டான், "என்னா மச்சான், ரெண்டாந் தாரம் கட்டிட்டியா?" எங்கள் சபையில் அந்த மாதிரிக் குற்றத்துக்குத்தான் திருவிருந்தை நிறுத்தி வைப்பார்கள்.

ஒரு வாரம் எல்லார் மேலும் கோபம். போதகர் மேல், பெண்டாட்டி மேல், அந்த மீன்காரி மேலும்கூட. அப்புறம் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது திடீரென்று தோன்றியது — அந்த இறால் என்ன ஆகியிருக்கும்? அத்தனை நாளில் ஒரு தடவைகூட அதை நான் நினைக்கவில்லை! தட்டைத் தள்ளி வைத்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

யோசித்துப் பார்த்தேன். போதகர் மனஸ்தாபம் என்றதும் நான் எந்த முகங்களைத் தேடுவேன்? பொக்கிஷதாரர், பாடகர் குழுக்காரர், பக்கத்து பெஞ்சுக்காரர். அவ்வளவுதான். பால்காரரிடம் எரிந்து விழுந்தது, ஆபீஸ் பியூனை எல்லார் எதிரிலும் வைதது... அதெல்லாம் கணக்கிலேயே வந்ததில்லை. கர்த்தர் என்ன, எங்கள் சபைப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறார்?

சென்ற சனிக்கிழமை மறுபடி பெயர் கொடுக்கும் நாள். எஸ்தர் முதல் நாளே கடலூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நான் காலையிலேயே கிள்ளைக்கு பஸ் ஏறினேன். ரயிலில் மீன் கொண்டுபோகிற பெண்கள் அங்கே பத்துப் பதினைந்து பேர். பேரும் தெரியாமல் அலைந்து, கடைசியில் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் அந்தப் பச்சை குத்திய கையைக் கண்டுபிடித்தேன். அஞ்சலை என்று பெயராம். கூடையை எதிரில் வைத்துக்கொண்டு வண்டிக்குக் காத்திருந்தாள்.

"அம்மா, போன மாசம் பரங்கிப்பேட்டையில உங்க கூடைய எறக்கி வச்சது நான்தான். தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

வழி நெடுக ஒத்திகை பார்த்த வசனம். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பரங்கிப்பேட்டயிலியா... எந்த சனிக்கெழம?"

சொன்னேன். வெள்ளைத் துணிப் பையைச் சொன்னேன்.

"புதுச்சத்திரத்துல ஒரு மவராசன் எறக்கி வுட்டான். ஆலப்பாக்கத்துல ஒருத்தன் கூடய ஒதச்சான். பரங்கிப்பேட்டயில ரெண்டு மூணு பேரு. எல்லாம் உன்ன மாதிரி வெள்ளச் சட்டதான். அதுல நீ யாரு சாமி?"

வைதிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். "அன்னிக்கு எறாலு?" என்று மட்டும் கேட்டேன்.

"என்னா ஆவும்? நாறிப் பூட்டுது. கொட்டிட்டு வந்தேன்."

"எம்மேல கோவம் இல்லியா?"

"கோவப்பட்டா நாளைக்கி எந்த ரயில்ல ஏற்றது?" என்றாள். "அந்தா வண்டி வருது. பேசிக்கினே நிக்காத, ஒரு கை புடி."

பிடித்தேன். அப்பா, என்ன கனம்! அன்று கோபத்தில் அது தெரியவில்லை. கூடையைப் பெட்டிக்குள் ஏற்றியபோது என் சட்டை முன்பக்கம் முழுக்க இறால் தண்ணீர். எதிர் பெஞ்சில் மல் வேட்டியும் மடியில் பத்திரிகையுமாக ஒருவர். முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னைப் பார்த்து இரைந்தார்.

"மீன் கூடைய இங்க ஏத்துறியே, அறிவு இருக்காய்யா உனக்கு?"

"போன மாசம் வரைக்கும் இல்லீங்க" என்றேன்.