மூன்று சொல்

1922-இல் தேவப்பிரியம் கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்தாள். அவள் கணவன் தவசிமுத்து அங்கே கருப்பட்டிக் கடை வைத்திருந்தான். நாசரேத்து மிஷன் பள்ளியில் படித்தவள் என்பதால் கடைக்கு விளம்பரம் எழுதும் வேலையை அவளிடம் கொடுத்தான். உடன்குடியின் பெருமை, பனையின் மகிமை, வாடிக்கையாளருக்கு வணக்கம் எல்லாம் வர வேண்டும் என்றான். அவள் பலகையில் எழுதியது: ‘மண் கலக்காத கருப்பட்டி.’

“இம்புட்டுத்தானா?”

“வாங்க வாறவுகளுக்கு வேற என்ன தெரியணும்?”

தவசிமுத்து அரைமனதாக மாட்டினான். பிறகு கழற்றவே இல்லை.

சில வருஷம் கழித்து ஒரு கோடையில் தெருக்குழாய் வறண்டது. எல்லோரும் அதே தெருவில் இருந்த கோதண்டத்தின் வீட்டுக் கிணற்றுக்குப் போனார்கள். வாந்திபேதி பரவியது. தெருக்கோடி வீட்டில் ஒரு தாயும் பிள்ளையும் ஒரே நாளில் இறந்தார்கள். வந்து பார்த்த டாக்டர், கிணற்றுத் தண்ணீர்தான் காரணம், ஜனங்களுக்கு உடனே சொல்லுங்கள் என்று தெருச் சங்கத்திடம் சொல்லிவிட்டுப் போனார்.

சங்கத் தலைவர் அருள்பிரகாசம் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பக்கம் முழுக்க எழுதி வந்து தெருவில் நின்று வாசித்தார். ‘இத்தெருவாழ் மகாஜனங்களுக்கு அடியேன் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்று தொடங்கியது. கிணறு என்ற சொல் வருவதற்குள், கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கே நடந்தாள். தேவப்பிரியம் ஓடிப்போய் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்தாள்.

“ஐயா, இதைச் சுருக்கணும்.”

“மொட்டையா எழுதினா மரியாதையா இருக்குமாம்மா?”

“மரியாதையை நேர்ல செய்வோம். எழுத்துல சேதி முதல்ல வரட்டும்.”

“அப்படின்னா நீயே எழுது. சங்கத்துப் பேர் வேணாம்.”

அவள் சுண்ணாம்பைக் குழைத்து, பாசி படிந்து கறுத்திருந்த கிணற்றுச் சுவரில் பெரிதாக எழுதினாள்: ‘கோதண்டம் கிணற்றில் வாந்திபேதி.’

மீன் விற்கும் பூவம்மா கூடையோடு வந்து நின்றாள்.

“இன்னாமா எய்திக்கீற?”

தேவப்பிரியம் வாசித்துக் காட்டினாள். பூவம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“அவ்ளோதானா? எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா இத்த நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.”

சொன்னாள். ஒவ்வொரு வாசலிலும் மீன் பெயருக்கு முன்னால் அந்த மூன்று சொல்லையும் சொன்னாள். அவளிடம் கேட்டவர்கள் அடுத்த வீட்டில் சொன்னார்கள். வார்த்தை மாறாமல் அது பக்கத்துத் தெருக்களுக்கும் போயிற்று.

சாயங்காலம் கோதண்டம் கடைக்கு வந்தார்.

“எங்கப்பா தோண்டின கெணறு. இன்னாமா இப்டி எய்தி வெச்சிக்கீற? அழி.”

தேவப்பிரியம் ஓர் ஈரத்துணியைக் கையில் எடுத்தாள்.

“அதுல எந்தச் சொல் தப்புன்னு சொல்லுங்க அண்ணாச்சி. இப்பவே அழிச்சிருதேன்.”

அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சண்டைக்கு ஒரு சொல் தேடினார். மூன்றில் எதையும் பொய்யென்று சொல்ல முடியவில்லை. அவர் மருமகளே இரண்டு நாளாக வாந்திபேதியில் படுத்துக் கிடந்தாள். கிணற்றுக்குப் போய், ராட்டினத்திலிருந்து கயிற்றை உருவிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அதன்பின் அந்தத் தெருவில் புதிதாக யாரும் படுக்கவில்லை. மருமகளும் தேறினாள்.

அடுத்த மாதம் அருள்பிரகாசம், குப்பை வண்டி பற்றி எழுதிய காகிதத்தோடு கடைக்கு வந்தார்.

“எது அதிகம்னு பாரும்மா.”

அவள் பெரும்பாலானதை அடித்தாள். ‘தயவுசெய்து’ என்ற சொல்லின் மேல் பென்சில் நின்றபோது அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“அது மட்டும் இருக்கட்டுமே.”

தேவப்பிரியம் பென்சிலை விலக்கினாள். “இருக்கட்டும் ஐயா” என்றாள்.