ரோமர் ஆட்சியை இருபது நிமிடத்தில் முடிக்கச் சொன்னார்கள்

1. பதினான்கு பக்கங்கள்

என் முதல் பேச்சுக்கு இருபத்திரண்டு பேர் வந்தார்கள். முடிக்கும்போது நான்கு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் என் மனைவி. இன்னொருவர் என்னோடு வேலை செய்த சிவா, அன்று அந்தக் கூடத்தில் டியூட்டியில் இருந்ததால் அவர் நகர முடியாது. மூன்றாமவர் பெஞ்சில் உறங்கிக்கொண்டிருந்தார். நான்காமவர் எங்கள் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் மாலதி. பேச்சு தொடர வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்ய வந்திருந்தார்.

லண்டனில் ஒரு அருங்காட்சியகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் காட்சிக்கூட உதவியாளராக இருந்தேன். தொடாதீர்கள் என்று சொல்வது, கழிப்பறைக்கு வழி காட்டுவது, பூட்டும் நேரத்தில் கூடத்தைக் காலி செய்வது, இவைதான் வேலை. பெரும்பாலும் ரோமர் கூடத்தில் போடுவார்கள். நின்று நின்று எல்லா விளக்கப் பலகைகளையும் மனப்பாடம் செய்தேன். பிறகு புத்தகங்களுக்குப் போனேன். ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் போகவர நாளுக்கு நாற்பது பக்கம் கிடைக்கும். படித்ததை ஆண்டு வரிசையில் நோட்டில் எழுதிவைப்பேன்.

எங்கள் தமிழ் ஆட்கள் மட்டும் அந்தக் கூடத்தைக் கழிப்பறைக்குக் குறுக்குவழியாகவே பயன்படுத்தினார்கள். அது எனக்கு நீண்ட நாள் மனக்குறை. அதனால், லண்டன்வாசிகள் பேசும் மொழிகளில் பேச்சு வைத்துப் பார்க்கலாம் என்று மேலிடம் சொன்னதும், தமிழுக்கு நான் வருகிறேன் என்று மாலதியிடம் போய் நின்றேன். அவர் திருச்சிக்காரர்.

"பிரிட்டன்ல ரோமர் ஆட்சி எப்படி முடிஞ்சது, அதையே எடுத்துக்கோங்க சார். இருபது நிமிஷம். ரெண்டு ட்ரையல் தருவாங்க. ஆட்கள் நின்னு கேட்டாத்தான் லிஸ்ட்ல தமிழ் இருக்கும்."

பதினான்கு பக்கம் எழுதினேன். 383இல் ஒரு தளபதி படையோடு கடல் கடந்தது. 402க்குப் பிறகு புதுக்காசு வருவது நின்றது. 407இல் இன்னொரு தளபதி மிச்சப் படையையும் கொண்டுபோனது. 409இல் இங்கிருந்தவர்கள் ரோம அதிகாரிகளை வெளியேற்றியது. 410இல் பேரரசரின் கடிதம். ஒவ்வோர் ஆண்டுக்கும் அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளையும் சேர்த்திருந்தேன். பதினேழாவது நிமிடத்தில்தான் 402க்கு வந்து சேர்ந்தேன்.

முடிந்ததும் சிவா பக்கத்தில் வந்தார்.

"அண்ணை, ஒண்டு சொல்லட்டோ? உந்தப் பேச்சைப் பூட்டுற நேரத்திலை வையுங்கோ. அஞ்சு நிமிசத்திலை கூடம் காலி. எங்களுக்கும் வேலை மிச்சம்."

"முதல்லை அந்த மனுசனை எழுப்பி விடுங்கோ," என்றார் என் மனைவி.

மாலதி மட்டும் சிரிக்கவில்லை. "தப்பா நினைக்காதீங்க சார். வருஷமெல்லாம் கரெக்டா இருக்கு. ஆனா யாரு போனா, யாரு இருந்தான்னு எனக்கே புரியல. அடுத்த மாசமும் இப்படித்தான்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

2. எந்த மாதம், எந்த நாள்

இரண்டாவது பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. வெஸ்ட் ஈலிங் கோயிலுக்கு வருபவர்களிடம் சொல்லி வைத்திருந்ததால் முப்பத்தொரு பேர். பதினான்கு பக்கத்தை ஆறாகக் குறைத்திருந்தேன். அதற்கு மேல் வெட்ட மனம் வரவில்லை.

383இல் தொடங்கினேன். நான்காவது நிமிடத்தில் பின்வரிசையில் இரண்டு பேர் வாசலைப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது முன்வரிசையில் கணவரோடு நின்ற ஓர் அம்மா கையை உயர்த்தினார்.

"இதிலை பலகையிலை 410 எண்டு கிடக்கு. எந்த மாசம்?"

"தெரியாது, அக்கா."

"நாள்?"

"அதுவும் தெரியாது."

"அப்ப, போகேக்கை என்ன சொல்லிப்போட்டுப் போனவை?"

ஆறு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை. போனவர்கள் என்ன சொன்னார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் ஒன்று தெரியும். 407இல் கப்பலேறிய படை இந்த நாட்டைக் கைவிட்டுப் போகவில்லை. தங்கள் தளபதியைப் பேரரசராக்கப் போனது. வென்றால் பிரிட்டனும் அவருடையதுதான். யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

"போறம் எண்டு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம், அக்கா. போயிட்டு வாறம் எண்டுதான் சொல்லியிருப்பினம்."

கூடம் முழுவதும் சிரித்தது. வாசலைப் பார்த்தவர்கள் திரும்பினார்கள்.

"என்ரை கதையும் உதுதான்," என்றார் அந்த அம்மாவின் கணவர். "ஒரு வருசத்துக்கு எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். முப்பத்தாறு வருசமாகுது."

"இன்னும் அந்த சூட்கேசை எறிய விடுறாரில்லை," என்றார் அம்மா, கூடத்துக்கே கேட்கும்படி. "அலுமாரிக்கு மேலை கிடக்கு. பிடியும் இல்லை."

நான் தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். எல்லோரையும் கண்ணாடிப் பெட்டிகளுக்குக் கூட்டிப்போனேன். விளிம்பு நறுக்கிய வெள்ளிக்காசைக் காட்டினேன். புதுக்காசு வராத ஆண்டுகளில் பழையதையே ஓரம் வெட்டி வெட்டிப் புழங்கினார்கள். அடுத்து, உடைந்த இடத்தில் துளையிட்டு ஈயத்தால் பொருத்திய ஒரு சட்டி.

"உடைஞ்சா எறியவேண்டியதுதானே?" என்று கேட்டார் அம்மா.

"புதுசு செய்து விக்கிற ஆக்கள் இல்லாமல் போயிட்டினம், அக்கா."

"கேட்டியே?" என்றார் கணவர். "ஒண்டையும் எறியக்கூடாது."

கடைசியாக 410. உங்கள் ஊர்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பேரரசர் நகரங்களுக்கு எழுதிய கடிதத்தைச் சொன்னேன்.

"வீடு கேட்டா கவுன்சில் போடுற கடிதம் மாதிரிக் கிடக்கு," என்றது ஒரு குரல்.

டியூட்டியில் பேசக்கூடாத சிவா, சுவரோரம் நின்றபடி ஆங்கிலக் கடிதத் தோரணையில் சொன்னார்: "உங்கள் விண்ணப்பத்தை மிகக் கவனமாகப் பரிசீலித்தோம். இருந்தபோதிலும்..."

சிரிப்பு அடங்கிய பிறகு, அந்தக் கடிதம் இந்த நாட்டுக்கு எழுதப்பட்டதே அல்ல, இத்தாலியில் பிரிட்டனைப் போன்ற பெயருள்ள ஒரு பகுதிக்கு எழுதியது என்று சில அறிஞர்கள் கருதுவதையும் சொன்னேன். முதல் பேச்சில் இப்படியொரு 'சில அறிஞர்கள்' வரியில்தான் பெஞ்சில் இருந்தவர் தூங்கிப்போனார்.

"அப்ப விலாசமும் பிழையோ?" என்றார் அம்மா. அதன் பிறகு பேச்சு என் கையில் இல்லை. குடியேற்ற விண்ணப்பங்களுக்கு ஹோம் ஆபீசிலிருந்து தங்களுக்கு வந்த கடிதங்கள், பக்கத்து வீட்டுக்குப் போய்விட்ட கடிதங்கள் என்று ஆளாளுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். கழிப்பறைக்குக் குறுக்கே போனவர்கள் சிலரும் என்ன சிரிப்பு என்று நின்றுவிட்டார்கள்.

3. ஒரு கட்டம்

அந்த வேலையில் இருக்கும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆண்டுகளைப் பிழையில்லாமல் படியுங்கள். யாராவது கேட்டால் உடனே சொல்லும்படி வைத்திருங்கள். ஆனால் கேட்பவர் முகத்தைப் பாருங்கள். அவர் எதைக் கேட்கிறாரோ அங்கிருந்து தொடங்குங்கள். எனக்கு இது தெரியப் பதினான்கு பக்கமும் ஒரு தோல்வியும் தேவைப்பட்டன.

கூட்டம் ஒருவழியாகக் கலைந்த பிறகு மாலதி ஒரு படிவத்தை நீட்டினார். 'தொடரலாமா' என்ற கேள்விக்கு ஏற்கனவே 'ஆம்' என்று டிக் போட்டிருந்தார். 'முடிந்த நேரம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"ஆரம்பத்துல முப்பத்தொண்ணு. கடைசியில நாப்பது. இப்படி ஏறி நான் பார்த்ததில்ல சார். தொடங்கினது ரெண்டு மணி. முடிஞ்சது எத்தனை மணிக்கு?"

எனக்குத் தெரியவில்லை. பேச்சு எந்த இடத்தில் முடிந்து அரட்டை எந்த இடத்தில் தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. சிவாவைக் கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை.

"கட்டத்தைச் சும்மா விட்டா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க," என்றார் மாலதி. "நான் ரெண்டு ஐம்பதுன்னு போட்டுடறேன். ஏதாவது ஒண்ணு போடணுமே."

"போடுங்கோ," என்றேன். "பலகையிலை இருக்கிற 410 உம் அப்பிடித்தான் வந்திருக்கும்."