மூன்று விதமான ‘நீ’

அந்தப் புத்தகத்தை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. ஆங்கிலேயர்களுக்குப் போர்ச்சுகீசு கற்றுக்கொடுக்க எழுதிய புத்தகம். வினைச்சொல்லின் வால் ஆளுக்கு ஆள் மாறும் என்பதைச் சொல்ல அதற்கு நாலு பக்கம். ஃபாலு என்றால் பேசுகிறேன், ஃபாலஷ் என்றால் பேசுகிறாய், ஃபாலா என்றால் பேசுகிறாள். பயப்பட வேண்டாம், போகப் போகப் பழகிவிடும் என்று ஓரத்தில் கட்டம் போட்டு ஆறுதல் வேறு. எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைகூட வந்தேன், வந்தான் என்று சரியாகச் சொல்லும். வெள்ளைக்காரனுக்கு வந்த கஷ்டத்தை நான் ஏன் பட வேண்டும்?

பட்டேன். வேறு வழியில்லை. போர்ச்சுகலின் தெற்கே ஒரு பண்ணையில், பாலித்தீன் கூடாரத்துக்குள் ராஸ்பெர்ரி பழம் பறிக்கும் வேலை. பண்ணைக்காரம்மா வீடியோ காலில் போர்ச்சுகீசில் பேசிப் பார்ப்பார். ஓரளவு பதில் சொன்னால் வேலையும் விசாவும். நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. தனியார் பள்ளியில் பல வருடம் கத்திக் கத்திப் பாடம் நடத்தியதில் கண்ட மிச்சம் தொண்டை வலிதான். சேற்றில் குனிந்து நாற்று நட்டு என்னைப் படிக்க வைத்த அம்மா, இந்த வேலையைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

“படிச்சுப் படிச்சுக் கடைசியில கடலத் தாண்டி அடுத்தவன் வயலுக்கே போறியா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வகுப்பு தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செல்போன் கடையின் மாடியில். வாத்தியார் லிஸ்பனில் இருபது வருடம் சாப்பாட்டுக் கடை நடத்திவிட்டுத் திரும்பியவர். எங்கள் பக்கத்து ஊர் மிராசு வீட்டுப் பிள்ளை. பண்ணைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் அவர்தான்.

“வாங்க, உக்காருங்க. எந்த ஊரு?” என்றார் முதல் நாள்.

சொன்னேன்.

“அட, நம்ம பக்கம்! எந்தத் தெருங்க?”

எங்கள் பக்கத்தில் தெருவைக் கேட்பது கடுதாசி போடுவதற்கு இல்லை. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் நோட்டைப் புரட்டினார்.

“சரி, அந்தக் கடைசி பெஞ்சுல உக்காரு.”

போன ‘ங்க’ போனதுதான், திரும்பி வரவே இல்லை. பேராவூரணியிலிருந்து தென்னந்தோப்புக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். என்னைவிடப் பத்து வயது சின்னவர்கள். அவர்களுக்கு “வாங்க தம்பி”. எனக்கு “ஏய், நீ சொல்லு”.

மூன்றாவது வாரம், ஒருவரை எப்படி விளிப்பது என்ற பாடம் வந்தது. நெருங்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ‘து’. நடுவாந்தரமாக ‘வொசே’. மரியாதைக்கு, ஆணென்றால் ‘ஓ செஞ்ஞோர்’, பெண்ணென்றால் ‘அ செஞ்ஞோரா’. இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’ என்பதால் வெள்ளைக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் லேசில் புரியாது என்றார் வாத்தியார். எனக்குப் புரியாமல் போகுமா?

அவர் முதலாளி, நான் வேலைக்காரி என்று பேசிப் பழகச் சொன்னார். அவர் என்னை ‘து’ என்றார். நானும் அவரை ‘து’ என்றேன்.

“தப்பு. ஓ செஞ்ஞோர்னு சொல்லு.”

“து,” என்றேன்.

தோப்புக்காரப் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் பேனாவை மூடி வைத்தார். “உங்க ஆளுங்களுக்கு நாலெழுத்து வந்துட்டாப் போதும், கண்ணு மண்ணு தெரியாது,” என்றார்.

அன்றிலிருந்து காலம் மாற்றிச் சொல்லும் பயிற்சி வந்தால் எனக்கென்று ஒரு வாக்கியம் வைத்திருந்தார். ‘என் அம்மா வயலில் வேலை செய்கிறாள்.’ செய்தாள், செய்வாள், எல்லாம் நான் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு ‘என் அப்பா டாக்டர்’. அந்த ஆளை நான் மனதார வெறுத்தேன். தினமும் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் குதிப்பேன்.

“பாடத்த வாங்கிட்டு வாடி. அந்தாளையா கட்டிக்கப் போற?” என்பாள் அவள்.

இந்த வகுப்பு முடிந்ததும் போர்ச்சுகீசில் அந்த வாக்கியம் என் வாயில் வராது என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

வீடியோ கால் வந்தது சம்பா நடவு நேரத்தில், மதியம். எங்கள் ஊரில் வாய்க்கால் மதகின் மேல்தான் சிக்னல் ஒழுங்காக எடுக்கும். பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்த அம்மா, சேறு காயாத காலோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாள்.

நரைத்த தலையோடு பண்ணைக்காரம்மா திரையில் வந்தார். என்னை ‘அ செஞ்ஞோரா’ என்றார். வேலை கொடுக்கிறவர் ஒருவர் என்னை மரியாதையாக அழைத்தது அதுதான் முதல் தடவை. பெயர், வயது, ஊர் எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொன்னேன். பிறகு அவர் கேட்டார்: இதற்கு முன் வயலில் வேலை செய்திருக்கிறீர்களா?

என் காதில் அது ‘எந்தத் தெருங்க?’ என்றுதான் விழுந்தது.

“நாவுங்,” என்றேன். இல்லை. ஒருபோதும் இல்லை, நான் பட்டதாரி.

வீட்டில் யாராவது?

“நாவுங்.”

அவர் எதையோ எழுதிக்கொண்டார். குனிந்து வேலை செய்து பழகியவர்கள்தான் தனக்கு வேண்டும், பழகாதவர்களுக்கு முதுகு தாங்காது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எனக்குப் புரிய வேண்டுமே என்ற அக்கறை. ஒரு சொல் விடாமல் புரிந்தது. வீடியோ கால் முடிந்துவிட்டது.

“என்னாடி கேட்டாங்க? நாவுங் நாவுங்குன்னியே?” என்றாள் அம்மா.

“வயல் வேல செஞ்சிருக்கியான்னாங்க.”

“இல்லன்னியா? ஒன்பதாவதுலேருந்து லீவு விட்டா எங்கூட நட்டியேடி!”

நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

“அப்பறம்?”

“வீட்டுல யாராச்சும் செய்யிறாங்களான்னாங்க.”

அம்மா பாதிச் சோற்றோடு தூக்கை மூடினாள்.

“வாத்தியாரு வா போங்குறாருன்னு நாலு மாசமா குதிச்ச. அவராவது ‘அம்மா வயல்ல வேல செய்யிறா’ன்னு சொல்ல வச்சாரு.”

வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு வயலில் இறங்கினாள். நட வேண்டிய நாற்று முடிச்சுகள் இன்னும் நிறையக் கிடந்தன.