அறுபது நிமிஷத்துக்குப் பொறுக்கியது

கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் என்று அட்டையில் போட்ட கேசட்டையோ சிடியையோ யாராவது நீட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்றப் பாட்டுக்காரர்களுக்கு அது சரிப்படலாம். ப்ரோக்ரெசிவ் ராக் குழுக்களுக்குச் சரிப்படவே சரிப்படாது. அவர்கள் ஒரு பாட்டை இருபது நிமிஷம் வாசிப்பார்கள். முதல் ஆறு நிமிஷம் கீபோர்டும் டிரம்ஸும்தான், பாடுகிறவன் வாயையே திறக்க மாட்டான். ஏன் இப்படி இழுத்தார்கள் என்பது பொறுமையாக உட்கார்ந்தவனுக்குக் கடைசியில்தான் புரியும். அதில் நாலு நிமிஷத்தை வெட்டியெடுத்து இதுதான் சிறந்தது என்று கொடுப்பது அயோக்கியத்தனம். நானே அந்த அயோக்கியத்தனத்தைச் செய்து, இருந்த ஒரே நண்பனைத் தொலைத்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

அவனுக்கு ஊர் லப்பைக்குடிக்காடு. பெரம்பலூரில் இருவரும் ஒன்றாகக் கல்லூரியில் படித்தோம். அவனுடைய மச்சான் சவுதியிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்த ஒரு ஹிட்ஸ் கேசட்தான் எங்களுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தது. மாவட்டத்திலேயே இதைக் கேட்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று பெருமை வேறு. படிப்பு முடிந்ததும் நான் அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலையில் சேர்ந்தேன். அவனுக்கு அத்தா, அதாவது அவன் அப்பா, வெளிநாட்டு வேலைக்கு விசா ஏற்பாடு செய்துவிட்டார். அவனுக்குப் போக மனமில்லை, அவன் அம்மாவுக்கு அனுப்ப மனமில்லை. அத்தா சொல்லுக்கு மறுசொல் அந்த வீட்டில் கிடையாது. கிளம்பும் அன்று அந்த அம்மா என்னிடம், நீ சொன்னால் அவர் கேட்பார், ரெண்டு வருஷத்தில் அவனைத் திரும்பக் கூப்பிடச் சொல்லு தம்பி என்றார். சொல்கிறேன் அம்மா என்று தலையாட்டினேன்.

அங்கே அறையில் உடன் இருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரனிடம் முழு ஆல்பங்களும் இருந்தன. எனக்கு எப்போதாவது வரும் மூன்று நிமிஷ போனைக்கூட நண்பன் அந்தப் பேச்சுக்கே செலவழித்தான்.

"மாப்ள, நாம கேட்டதெல்லாம் வாசப்படிதான்டா. வூட்டுக்குள்ளயே போகல."

கல்யாணப் பந்தியில் இலையில் வைத்த அத்தனையையுமா தின்கிறோம், பிடித்ததைத்தானே தொடுகிறோம் என்று நான் வாதாடினேன். ஒவ்வொரு போனிலும் இதே சண்டை. பின்னால் ஊர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள் என்பதால் சொந்தக் கதை எதுவும் பேச மாட்டான். நானும் கேட்டதில்லை.

அவன் போய் இரண்டு வருஷம் முடியப்போகிற சமயம், லீவில் வந்த அவன் தெருக்காரர் ஒருவர் எட்டு கேசட்டும் ஒரு கடிதமும் கொண்டுவந்து தந்தார். ஆள் மூலம் கொடுத்தனுப்பும் கடிதத்தை எங்கள் பக்கம் ஒட்ட மாட்டார்கள். ஒட்டினால் கொண்டுவருபவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அவர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார், அதை மறைக்கவும் இல்லை. உள்ளே நாலே வரி. நலம், நலமறிய ஆவல். கேசட்டுகளை முழுசாகக் கேள். கடைசிக் கேசட்டைக் கட்டாயம் கடைசி வரைக்கும் கேள். ஆரம்பிச்சுட்டான்யா உபதேசத்தை என்று சிரித்துக்கொண்டேன்.

மூன்று கேசட் கேட்டேன். நாலாவதில் தூங்கிவிட்டேன். அரியலூர் கடைவீதியில் இருந்த ரெக்கார்டிங் கடைக்காரரிடம் எட்டையும் கொண்டுபோய், இதிலிருந்து நல்லதாகப் பொறுக்கி அறுபது நிமிஷ கேசட் ஒன்று போட்டுத் தாருங்கள் என்றேன். அவர் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும் என்று கேட்டார். இரண்டு பேரும் உட்கார்ந்து, வாய் திறந்து பாடுகிற இடமாகப் பார்த்து எடுத்தோம். நீளமான பாட்டையெல்லாம் நாலு நிமிஷத்தில் சத்தத்தைக் குறைத்து முடித்தார். கூலிக்குப் பதிலாக அந்த எட்டையும் அவரே எடுத்துக்கொண்டார். வெளிநாட்டு டேப், அழித்துவிட்டு அய்யப்பன் பாட்டு ஏற்றினால் கணீரென்று இருக்கும் என்றார். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தெருக்காரர் திரும்பிப் போகும்போது, எல்லாவற்றையும் கடைசி வரை கேட்டேன், பிரமாதம் என்று நானும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

அதோடு அவனிடமிருந்து போன் நின்றது. பணம் வந்ததும் பவுசு வந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்ததோடு விடாமல் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். அடுத்த வருஷம் அவன் அம்மா இறந்துவிட்டார். அவனால் வர முடியவில்லை. துக்கத்துக்குப் போயிருந்தேன். அவன் அத்தா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நல்லா இருக்கேன்னுதான் எழுதுறான். ஒங்கிட்ட வேற ஏதாச்சும் சொன்னானா தம்பி?"

"இல்லங்கத்தா. பாட்டு கேசட்தான் குடுத்துவிட்டான்."

எனக்கு அந்த அம்மாவிடம் தலையாட்டியது ஞாபகம் வந்தது. இனி என்ன பேசி என்ன என்று சும்மா இருந்துவிட்டேன்.

அவன் திரும்பி வந்தது அதற்கும் இரண்டு வருஷம் கழித்து. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தான், இடது தோள் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னடா பெரிய மனுஷனாயிட்டியா என்று கையைப் பிடித்தேன்.

கையை உருவிக்கொண்டு சொன்னான். கணக்கு எழுதும் வேலை என்று கூட்டிப்போனவர்கள் மூட்டை தூக்க விட்டார்கள். இரண்டு வருஷம் முடிந்து காண்ட்ராக்டைப் புதுப்பிக்கும் முன் வந்துவிட நினைத்தான். அவனே சொன்னால் அத்தா சோம்பேறித்தனம் என்பார். கடிதத்தில் எழுதினால் தெரு முழுக்கத் தெரியும். அதனால் கடைசிக் கேசட்டில், இருபது நிமிஷப் பாட்டு முடிந்து மீதியிருந்த டேப்பில், பேசி அனுப்பியிருந்தான். அத்தாவிடம் போய்ப் பேசு, வா என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும், அம்மாவையும் பார்க்கணும்போல இருக்கு என்று. பதிலாக என் கடிதம் போயிருக்கிறது. கடைசி வரை கேட்டேன், பிரமாதம்.

பொய் சொல்ல இனி இடமில்லை. மூன்று கேசட்தான் கேட்டதையும், ரெக்கார்டிங் கடையையும், அழித்ததையும் சொல்லிவிட்டேன். சொன்னால் கொஞ்சமாவது ஆறுவான் என்று நினைத்தேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"கேட்டுட்டுத்தான் சும்மா இருந்தேன்னு சொல்லியிருக்கலாம் மாப்ள. அது இதவிடத் தேவல."

குடிக்காடு பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். நான் நின்ற பக்கம் ஜன்னலோரம் இடமிருந்தும் எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்தான். இரண்டாயிரத்து ஏழில் மறுபடியும் வெளிநாடு போய்விட்டான் என்று அந்தத் தெருக்காரர்தான் சொன்னார். ஒவ்வொரு லீவிலும் பெரம்பலூருக்கு வருகிறார். எனக்கு ஏதாவது கொடுத்துவிட்டானா என்று நான் கேட்பதில்லை. கேட்காமலே அவர் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்.