சென்சாரில் வைத்த சந்தனம்

எண்பதுகளின் கடைசியில், மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்தேன். அலுமினியத் தகடுகளில் துளை போடும் வேலை. தகட்டை மேடையில் வைத்துக் கிளாம்ப்பை இறுக்குவது என் பொறுப்பு. மெஷினை ஓட்டியவர் பாலிடெக்னிக் படித்த ஓர் அண்ணன்.

மெஷினுக்கு மூன்று மோட்டார். மேடையை இடம் வலமாக நகர்த்த ஒன்று, முன்னும் பின்னும் நகர்த்த ஒன்று, டிரில்லை ஏற்றி இறக்க ஒன்று. மூன்றையும் ஆட்டி வைத்தது கம்ப்யூட்டருக்குள் செருகியிருந்த ஒரு கார்டு. சூடு ஆகாதிருக்க மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருப்போம். அதனால் கார்டின் ஓரத்திலிருந்த மூன்று சிவப்பு விளக்குகள் எனக்குத் தெரியும். ஒவ்வொரு மோட்டாரும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியதும் அங்குள்ள சென்சார் கார்டுக்குச் சொல்லும். அதன் விளக்கு எரியும். அந்த இடத்தைப் பூஜ்யமாக வைத்துத்தான் கார்டு அளக்கும்.

"மூணையும் வூட்டுக்கு அனுப்பிட்டுத்தான் மத்த வேலை" என்பார் அண்ணன்.

சென்சார், சின்னக் கவட்டை போல இருக்கும். இரண்டு கால்களுக்கு நடுவே எதுவாவது மறைத்தால், மோட்டார் வந்துவிட்டதாக அது நினைத்துக்கொள்ளும்.

ஆயுத பூஜையன்று பொட்டு வைக்கச் சொன்னார்கள். மோட்டார், ஃபேன், கீபோர்டு எதையும் விடவில்லை. கைக்கு எட்டிய ஒரு சென்சாரின் கவட்டைக்குள்ளும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தேன்.

விடுமுறை முடிந்து கம்ப்யூட்டரைப் போட்டதுமே ஒரு விளக்கு எரிந்தது. மோட்டார் எதுவும் இன்னும் நகரவே இல்லை. பார்த்தேன். படித்தவரிடம் நான் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்தேன். அண்ணன் பொரியை மென்றபடி மூன்றையும் வீட்டுக்கு அனுப்பினார். இரண்டுதான் நகர்ந்தன. அவர் கவனிக்கவில்லை. வேலையைத் தொடங்கியதும் டிரில் நேராகக் கிளாம்ப் மேல் இறங்கி முறிந்தது. அதைப் பிடித்திருந்த தண்டும் வளைந்தது.

அவர் முதலாளியைக் கூப்பிட ஓடினார். அந்த இடைவெளியில் சென்சாரிலிருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்துவிட்டேன்.

முதலாளி வந்து ஓட்டிப் பார்த்தார். மூன்று விளக்கும் ஒழுங்காக எரிந்தன.

"நல்லாத்தானப்பா போவுது? பொரி தின்ற அவசரத்துல மறந்துட்டியா?"

"அனுப்புனனுங்க. பக்கத்துலதான இந்தப் பொண்ணு நின்னுச்சு, கேளுங்க."

"நான் கவனிக்கலீங்க" என்றேன்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அனுப்புனேன்னுதான் நெனச்சேன். மறந்துட்டனோ என்னமோ" என்றார். அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள்.

பென்னாகரத்தில் பம்ப்செட் ரிப்பேர் கடையில் அவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, சந்தனத்தைப் பற்றிச் சொல்லிவிடவென்றே ஒரு நாள் பஸ் ஏறிப் போனேன்.

"வாம்மா. இப்பெல்லாம் ஒரு போல்ட்டு முடுக்குனாக்கூட மூணு தடவ தொட்டுப் பாக்கறேன். எம்மேல எனக்கே நம்பிக்கையில்ல" என்று சிரித்தார். "நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேண்ணா" என்றேன். அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.